மில் முதலாளி என்று ஒரு பொய்

அருணாசலம் முருகானந்தம் ஒருமுறை தன்னை மில் முதலாளி என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் கோவையில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்பா இறந்துபோனதால் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 1998இல் கல்யாணம் ஆனது. மாதவிடாய் நாட்களில் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்தார். கடைக்குப் போய் ஒரு நாப்கின் வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தார். பத்து கிராம்கூட இருக்காது. பத்துப் பைசா பெறும் பஞ்சு நாலு ரூபாய்க்கு விற்கிறதே, நாமே செய்தால் என்ன என்று இறங்கிவிட்டார்.

பஞ்சில் செய்த நாப்கின் சரிப்பட்டு வரவில்லை. கடைச் சரக்குக்குள் இருப்பது வெறும் பஞ்சு இல்லை என்பது மட்டும் புரிந்தது. பிறகு அது என்ன? யாரிடம் போய்க் கேட்பது?

பெரிய கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் ஆங்கிலம் வராது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் கடிதம் எழுதித் தந்தார். பதிலுக்கு முருகானந்தம் அவர் வீட்டு வேலைகளைச் செய்து கொடுத்தார். போன் செலவே ஏறக்குறைய 7,000 ரூபாய் ஆயிற்று. மறுமுனையில் இருந்தவர்கள், "உங்களிடம் என்ன மாதிரி பிளான்ட் இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. கடைசியில், தான் கோவையில் ஒரு மில் முதலாளி, இந்தத் தொழிலில் இறங்க யோசிக்கிறேன், சாம்பிள் அனுப்புங்கள் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். சில வாரங்களில் பார்சல் வந்தது. உள்ளே கெட்டியான அட்டைகள். மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள அவருக்குப் பிடித்த காலம் இரண்டு வருடம் மூன்று மாதம்.

விவரம் தெரிந்த ஒருவர் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. இத்தனைக்கும் அதே கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956லிருந்து இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. யாரும் கதவை அடைத்து வைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கதவு தனக்கும் திறக்கும் என்று ஒரு பட்டறைத் தொழிலாளிக்குத் தோன்றாது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிப் பேசும்போது பணமில்லை, வசதியில்லை என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். முருகானந்தத்துக்கு அதற்கும் முன்னால் இல்லாமல் போனது, கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள்.

ஆள் தெரிந்தவனுக்கு இதே கோவை வேறு ஊர்.

வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளலாம். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைத்தான் கை சுற்றும். 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி உருவாக்கிய இயந்திரத்தில் இது தலைகீழானது. குழவி இருந்த இடத்தில் நின்றது, கல் சுழன்றது. யோசனை ஒருவருடையதாக இருக்கலாம். ஆனால் அது கிரைண்டராகக் கடைக்கு வர ஊரே வேண்டியிருந்தது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் போனால் போதும். மோட்டாருக்கு அலைய வேண்டாம். டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து 1937இல் செய்த மோட்டார்தான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று கோவைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குப் பின் வந்த மோட்டார், பம்ப்செட் கம்பெனிகளும் மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் பவுண்டரிகளும் தெருவுக்குத் தெரு இருந்தன.

அதனால் கிரைண்டர் செய்ய ஒருவர் முழு ஃபேக்டரி கட்ட வேண்டியதில்லை. கல் கொத்துபவர் ஒருவர், டிரம் அடிப்பவர் ஒருவர், வார்ப்படம் போடுபவர் இன்னொருவர். ஷாஃப்ட் லேத்தில் கடைந்து வரும். எல்லாம் ஜாப் ஒர்க். சாம்பிளைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போனால், 'இந்த இடத்தில் தடிமன் பத்தாது, உடைஞ்சிரும்' என்று பேட்டர்ன் செய்பவரே சொல்லிவிடுவார். அதற்குத் தனியாக ஆலோசனைக் கட்டணம் கிடையாது. 2005-06இல் கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டுக்கும் தேயிலைக்கும் தருகிற அந்தக் குறியீட்டை ஒரு சமையலறை இயந்திரத்துக்குத் தந்தது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கிரைண்டர் எந்தத் தனிக் கம்பெனியின் சொத்தும் இல்லை, ஒரு ஊரின் கைப்பழக்கம் என்று பார்த்தால் பொருத்தமான மரியாதைதான்.

இந்தப் பழக்கத்துக்குச் சங்கங்களும் உண்டு. 1969இல் தொடங்கிய கொடிசியா, சிறுதொழில்காரர்கள் சேர்ந்து கட்டியது. பிறகு அது கண்காட்சி வளாகம் கட்டியது, ராணுவத் தளவாடங்களுக்கான புத்தாக்க மையம் வரை வந்துவிட்டது. பம்ப், மோட்டார் செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி இருந்தது. பம்பு எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று முறையாகச் சோதித்துச் சான்று வாங்கினால்தான் நல்ல ஆர்டர் வரும். சோதனைக் கருவிகளைத் தனியாக வாங்கிப்போட ஒரு சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தொழில்காரர்கள் ஒன்று சேர்ந்து, அரசின் ஆதரவோடு, 'சிடார்க்' என்ற பொதுச் சோதனைக்கூடத்தை உண்டாக்கினார்கள். சந்தையில் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்பவர்கள், சோதனைக்கு ஒரே வாசலில் வரிசையில் நிற்பார்கள்.

ஆனால் இந்த வலையில் இருக்கப் பட்டறை வேண்டும், சங்கத்தில் பெயர் வேண்டும், குறைந்தபட்சம் ஒரு விசிட்டிங் கார்டாவது வேண்டும். ஒரு குயவருக்கு, மானாவாரி விவசாயிக்கு, ஆடு மேய்க்கும் கீதாரிக்கு? அவர்களுக்கும் யோசனை வருமே.

இந்தக் கேள்வி அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர் அனில் குப்தாவைத் தூங்கவிடாமல் செய்தது. அதற்குப் பின்னால் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. 1980களின் நடுவில் அவர் வங்கதேசத்தில் விவசாய ஆராய்ச்சி ஆலோசகராக ஒரு வருடம் இருந்தார். அங்கே விவசாயிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை ஆங்கிலத்தில் எழுதினார். பெயர் அவருக்கு, சம்பளமும் அவருக்கு. சொல்லிக்கொடுத்த விவசாயிக்கு அவர் எழுதியதைப் படிக்கக்கூட வழியில்லை. நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்குபவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தேனீயைப் பாருங்கள், பூவிலிருந்து எடுக்கிறது, ஆனால் பூ அதனால் ஏழையாவதில்லை, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டுபோகவும் செய்கிறது என்பதுதான் அவருக்குக் கிடைத்த உருவகம். 1980களின் கடைசியில் உருவான அந்த அமைப்பின் பெயரே 'ஹனி பீ நெட்வொர்க்'.

அதன் விதிகள் எளிமையானவை. சொன்னவர் பெயரைப் போடாமல் எதையும் அச்சிடக்கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது. அச்சிட்டது அவருடைய மொழியில் அவரிடமே திரும்பிப் போக வேண்டும். அதிலிருந்து லாபம் வந்தால் பங்கு போக வேண்டும். ஆங்கில இதழோடு குஜராத்தியில் 'லோக் சர்வாணி', இந்தியில் 'சூஜ் பூஜ்' என்று இதழ்கள் வந்தன. தமிழில் மதுரையைச் சேர்ந்த 'சேவா' அமைப்பு 'நம் வழி வேளாண்மை' இதழை நடத்தியது. விவசாயிகளே கண்ட பூச்சி விரட்டி, கால்நடை வைத்தியம், கைக்கருவி என்று அந்தப் பக்கங்கள் நிறையும். நாட்டு மாட்டையும் ஆட்டையும் விடாமல் வளர்ப்பவர்களுக்கு விருது வாங்கிக் கொடுப்பதிலும் இதே சேவா முன்னால் நின்றது. குஜராத்தில் ஒரு குயவர் செய்ததை உசிலம்பட்டியில் ஒருவர் தன் மொழியில் வாசிக்க முடிந்தால், அவருக்கும் ஏதோ ஒன்று உதிக்கும். வலைப்பின்னல் என்ற பெரிய வார்த்தைக்கு நடைமுறையில் அர்த்தம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

சரி, ஊரில் ஒதுங்கிக் கிடக்கும் அந்த ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? நடந்துதான். 1998இல் குஜராத்தில் தொடங்கிய 'சோத்யாத்ரா' வருடத்துக்கு இரண்டு முறை போகும் நடைப்பயணம். இதில் ஒரு வேடிக்கையான பிடிவாதம் உண்டு. கோடையில் வெயில் கொளுத்தும் பகுதிக்குப் போவார்கள், குளிர்காலத்தில் குளிர் நடுக்கும் மலைக்குப் போவார்கள். சுற்றுலாக்காரன் செய்வதற்கு நேர் எதிர். பிரச்சினை உச்சத்தில் இருக்கும் பருவத்தில் போனால்தான் அதற்கு ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழியும் கண்ணில் படும் என்பது கணக்கு.

ஊருக்குள் போனதும் மரத்தடியில் உட்கார்ந்து வேறு ஊர்க்காரர்கள் செய்த கருவிகளைக் காட்டுவார்கள். பெண்களுக்குச் சமையல் போட்டி வைப்பார்கள். காட்டுக் கீரையும் மறந்துபோன தானியமும் அதில்தான் வெளியே வரும். பிள்ளைகளுக்கு, சுற்றுவட்டாரத்தில் எத்தனை செடிகொடி தெரியும் என்று போட்டி. உங்கள் ஊரில் இப்படி வித்தியாசமாக ஏதாவது செய்தவர் உண்டா என்று கேட்டால், பெரியவர்கள் யாரும் இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். அப்புறம் பின்னால் நிற்கும் ஒரு பையன் யாரையாவது கைகாட்டுவான். அந்த ஆள் பெரும்பாலும் 'அவனுக்கு வேற வேலை இல்ல' என்று ஊரில் பெயர் வாங்கியவராகத்தான் இருப்பார். அவர் வீட்டு வாசலுக்கே போய், ஊர் பார்க்க அவருக்குச் சால்வை போடுவார்கள். சால்வையின் விலை பெரிதில்லை. மறுநாளிலிருந்து அவரைப் பார்க்கும் பார்வை மாறுகிறது, அதுதான் விஷயம்.

இதைச் சுற்றி அமைப்புகளும் வளர்ந்தன. 1993இல் 'சிருஷ்டி', 1997இல் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோக 'கியான்', 2000இல் மத்திய அரசின் ஆதரவோடு தேசியப் புத்தாக்க அறக்கட்டளை. விஞ்ஞானி ஆர்.ஏ. மஷேல்கர் அதன் தலைவராக இருந்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட யோசனைகளும் மரபு முறைகளும் அதன் பதிவேட்டில் சேர்ந்திருக்கின்றன.

அந்த மூன்று லட்சத்தில் ஒன்று குஜராத்தின் வான்கானேரில் இருக்கும் மன்சுக்பாய் பிரஜாபதியுடையது. குயவர் குடும்பம். பத்தாம் வகுப்பில் ஃபெயில். டீக்கடை வைத்துப் பார்த்தார், பிறகு ஓட்டுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓடு அச்சடிக்கும் இயந்திரத்தைப் பார்த்த கண்ணுக்கு மண் தோசைக்கல் தெரிந்தது. சக்கரத்தில் ஒவ்வொன்றாகத் தட்டுவதற்குப் பதில் இதைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் என்ன? 1988இல் 30,000 ரூபாய் கடன் வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கினார்.

2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அவருடைய பானைகளும் உடைந்தன. உள்ளூர் நாளிதழ் ஒன்று உடைந்த பானையின் படத்தைப் போட்டு, ஏழையின் ஃப்ரிட்ஜ் உடைந்தது என்று கீழே எழுதியிருந்தது. யாரோ ஒரு உதவி ஆசிரியர் அவசரத்தில் எழுதிய வரியாக இருக்கும். மன்சுக்பாய் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பானை ஏழையின் ஃப்ரிட்ஜ் என்றால், நிஜமாகவே மண்ணில் ஒரு ஃப்ரிட்ஜ் செய்தால் என்ன?

'மிட்டிகூல்' என்று பெயர் வாங்கிய அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். மேலே தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் பக்கச் சுவர்களின் நுண்துளைகள் வழியே மெல்லக் கசியும். கசிந்த ஈரம் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நம் பானைத் தண்ணீர் குளிரும் அதே சங்கதிதான். உள்ளே காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுகள், முன்னால் கதவு. சொல்வது சுலபம், செய்வதுதான் பாடு. மண் ரொம்ப நெருக்கமாக வெந்துவிட்டால் தண்ணீர் கசியாது, குளிராது. இளக்கமாக விட்டால் சுவர் பாரம் தாங்காது. மண்ணின் கலவையும் சூளைச் சூடும் பிடிபட வருடங்கள் ஆயின, கடனும் ஏறியது. கியானும் தேசிய அறக்கட்டளையும் கைகொடுத்தது இந்தக் கட்டத்தில்தான். பதிவு, பணம், கண்காட்சி, பத்திரிகைச் செய்தி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. (ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வறண்ட காற்று அடிக்கும் குஜராத்தில் நன்றாகக் குளிரும் இந்தப் பெட்டி, சென்னையின் கடலோரப் புழுக்கத்தில் அத்தனை குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும்.)

பணம் என்றதும் வங்கிதானே ஞாபகம் வரும்? வங்கி மேனேஜர் கேட்பது மூன்று. ஈடு என்ன, ஜாமீன் யார், கடந்த மூன்று வருடக் கணக்கு எங்கே? இதுவரை உலகத்தில் இல்லாத பொருளுக்கு மூன்று வருடக் கணக்கு எங்கிருந்து வரும்? மேனேஜரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையில் இருப்பது டெபாசிட்காரர்களின் பணம். அதனால் 2003இல் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியின் உதவியோடு தேசிய அறக்கட்டளையில் ஒரு தனி நிதி தொடங்கப்பட்டது. ஈடு வேண்டாம், ஜாமீன் வேண்டாம், கண்டுபிடித்தவரின் ஒரே ஒரு கையெழுத்து போதும். ஊரில் கைமாற்று வாங்குவது போலத்தான். ஆனால் கொடுப்பவர் உங்கள் பொருளைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொண்டவர்.

தமிழ்நாட்டிலும் இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில், யோசனையைச் சோதித்துப் பார்க்க 2 லட்சம் ரூபாய் வரையிலும் அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரையிலும் உதவி உண்டு. ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் 'டான்சீட்' திட்டத்தில் ஆரம்ப நிலை நிறுவனங்களுக்குப் பொதுவாக 10 லட்சம் வரை. மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று சென்னைக்கு வெளியேயும் அதற்கு மையங்கள் வந்துவிட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கு 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில், தேர்வான யோசனைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும் என்பதால், அக்கறையுள்ள ஒரு அறிவியல் டீச்சர் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. திட்டங்களின் பெயர்கள் நாளிதழில் வரும். அந்தப் படிவத்தை ஒரு லேத் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர எந்த நாளிதழும் வராது. முருகானந்தத்துக்குக் கடிதம் எழுதித் தந்த பேராசிரியரின் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சேர்ந்து பழகுவதில் ஆபத்தும் உண்டு. நாலு பேரிடம் காட்டினால் ஐந்தாவது ஆள் அதைச் செய்து விற்றுவிடுவானே என்ற பயம். இது வீண் பயம் இல்லை. பட்டறை ஊர்களில் ஒரு புது இயந்திரம் சந்தைக்கு வந்தால், கொஞ்ச நாளில் பக்கத்துத் தெருவில் அதன் தம்பி பிறந்துவிடுவான். காப்புரிமைச் சட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன்பே பொருளை ஊரறியக் காட்டிவிட்டால், அது புதுசு என்ற தகுதி போய்விடக்கூடும். சந்தோஷத்தில் கண்காட்சியில் வைத்து, டிவிக்குப் பேட்டி கொடுத்து, பிறகு வக்கீலிடம் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டு வைப்பதே புத்திசாலித்தனம். முழு விவரத்தைத் தாக்கல் செய்ய அதிலிருந்து 12 மாதம் அவகாசம் கிடைக்கும். தனிநபர் ஆன்லைனில் தாக்கல் செய்தால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பரிசீலனைக் கட்டணம் தனி. உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். விவரத்தைச் சட்ட மொழியில் எழுதித் தரும் ஏஜென்ட்டின் ஃபீஸ்தான் கையைக் கடிக்கும். அந்தச் செலவைத் தேசிய அறக்கட்டளை ஏற்றுக்கொண்டு, கண்டுபிடித்தவர் பெயரிலேயே விண்ணப்பங்களைப் போட்டிருக்கிறது. பருத்திக் காயிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம் செய்த குஜராத் கிராமத்துக்காரர் மன்சுக்பாய் படேலுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்க உதவியது கியான்.

அனில் குப்தா இதில் இன்னொரு வழியையும் சொல்கிறார். ஒரு பட்டறைக்காரர் இன்னொருவருடையதைப் பார்த்துச் செய்தால் செய்யட்டும், அதைத் தடுக்க வேண்டாம். கம்பெனி அதே பொருளைச் செய்ய வந்தால் மட்டும் லைசென்ஸ் வாங்கிப் பணம் கட்டட்டும். இதற்குத் 'தொழில்நுட்பப் பொதுச்சொத்து' என்று பெயர். கிராமத்துக் கண்மாய் மாதிரி. ஊர்க்காரர் மாட்டைக் குளிப்பாட்டலாம், மீன் குத்தகைக்கு எடுப்பவர் பணம் கட்ட வேண்டும். சில கண்டுபிடிப்புகளின் உரிமையை அறக்கட்டளையே விலை கொடுத்து வாங்கி, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டதும் உண்டு.

எல்லாம் இனிமையாக முடிகிறது என்று சொல்லிவிட முடியாது. விருது, ஜனாதிபதியோடு ஃபோட்டோ, பத்திரிகையில் அரைப்பக்கம். அதற்கப்புறம் ஆர்டர் வராமல் ஷெட்டில் துருப்பிடிக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. கண்டுபிடிப்பவர் எல்லோருக்கும் வியாபாரம் கைவராது, கைவர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அவரை ஜிஎஸ்டி படிவத்தோடு மல்லுக்கட்ட விடுவதைவிட, நல்ல தயாரிப்பாளர் ஒருவரோடு கோத்துவிட்டு ராயல்ட்டி வாங்கித் தருவது உத்தமம். விழா நடத்துவதைவிட இது கடினமான வேலை, கைதட்டலும் கிடைக்காது.

வியாபாரம் கைவந்தவர்களும் இருக்கிறார்கள். ஹரியானாவின் யமுனாநகரைச் சேர்ந்த தர்மவீர் கம்போஜ் ஒரு காலத்தில் டெல்லியில் ரிக்‌ஷா இழுத்தவர். கற்றாழைச் சாறு பிழிவது, ரோஜாவிலிருந்து நீர் வடிப்பது, பழக்கூழ் எடுப்பது எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் செய்யும் இயந்திரம் அவருடையது. 2014இல் ராஷ்டிரபதி பவன் அவரை விருந்தாளியாக அழைத்துத் தங்க வைத்தது. அவருடைய இயந்திரங்கள் கென்யா வரை போயிருக்கின்றன.

நம் பக்கத்தில், மதுரைக்கு அருகே மேலக்காலில் பி.எம். முருகேசன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கியவர். வாழை வெட்டியபின் மட்டை குப்பையாகக் கிடக்கும், அல்லது எரியும். பூக்கட்ட வாழைநார் உதவுவதைப் பார்த்தவருக்கு, இதையே கயிறாகத் திரித்து விற்கலாமே என்று பட்டது. கையால் திரித்தால் நார் பிசிறும், ஒரே சீராக வராது. தேங்காய் நார் இயந்திரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் கைகொடுத்தது சைக்கிள். சைக்கிள் ரிம்களையும் கப்பிகளையும் வைத்து முறுக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். ரிம் ஒரு சுற்றுச் சுற்றினால், அதோடு பெல்ட்டில் இணைந்த சின்னக் கப்பி பல சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில்தான் நாருக்கு முறுக்கு ஏறுகிறது.

இப்போது அந்தக் கயிற்றில் ஊர்ப் பெண்கள் கூடையும் பையும் பாயும் பின்னுகிறார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து பின்னுகிற வேலை. சரக்கு வெளிநாடு போகிறது. இயந்திரத்தைத் தன் ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் மற்ற மாநிலத்துக்காரர்களுக்கும் செய்து விற்றிருக்கிறார் முருகேசன். வாழை இல்லாத ஊர் எது?

முருகானந்தத்தின் கதையிலும் கடைசியில் ஆட்கள் வந்தார்கள். மரக்கூழ் என்று தெரிந்தபின் அதை நாப்கினாக்கும் இயந்திரத்தைச் செய்து முடிக்க நாலரை வருடம் ஆயிற்று. அதற்குள் மனைவி பிரிந்து போயிருந்தார், ஊர் பைத்தியம் என்று பேசியது. ஆட்டு ரத்தத்தை ஃபுட்பால் பிளாடரில் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு நாப்கினைத் தன் உடம்பிலேயே சோதித்தவரை ஊர் வேறு எப்படிப் பேசும்? பன்னாட்டுக் கம்பெனிகளோடு இந்த இயந்திரம் போட்டிபோட முடியுமா என்று சென்னை ஐஐடியில் இருந்தவர்களுக்கும் சந்தேகம்தான். ஆனாலும் தேசியப் புத்தாக்க விருதுப் போட்டிக்கு அதை அனுப்பி வைத்தார்கள். வந்த 943 விண்ணப்பங்களில் முதலிடம். விருதை ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் கையால் வாங்கினார். 2016இல் பத்மஸ்ரீ. மனைவி சாந்தியும் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவு இந்தக் கதையில் முக்கியமானது. கம்பெனிகளுக்கு விற்கவில்லை. 65,000 ரூபாய் விலையில் இயந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். முதல் ஒன்றரை வருடத்தில் 250 இயந்திரங்கள். பிகார், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று, நாப்கின் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் கிராமங்களுக்குத் தேடிப்போய்ப் போட்டார். 2014வாக்கில் 23 மாநிலங்களில் 1,300 கிராமங்களை எட்டியிருந்தது.

இயந்திரம் பார்க்கச் சாதாரணமானது, அதுதான் அதன் அழகு. முதல் பகுதி நம் மிக்ஸி மாதிரி, கெட்டி அட்டையை அடித்துப் பஞ்சுபோல உதிர்க்கும். இரண்டாவது அதைச் செவ்வகமாக அழுத்தும். பிறகு மெல்லிய துணி சுற்றி, புற ஊதாக் கதிரில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு இயந்திரத்தில் பத்துப் பெண்களுக்கு வேலை, நாளைக்கு 200, 250 நாப்கின். அப்போதைய விலை சராசரியாக ஒன்று இரண்டரை ரூபாய்.

ஒரே பிராண்ட் பெயரை எல்லோர் தலையிலும் கட்டவில்லை. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டது. விற்பதும் அவர்கள்தான், வீட்டு வாசலில், பெண் பெண்ணிடம். எப்படிப் பயன்படுத்துவது என்று கூச்சமில்லாமல் கேட்கலாம், பதில் சொல்வாள். கையில் காசில்லாத வீட்டில் வெங்காயமோ உருளைக்கிழங்கோ கொடுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு.